நெடுமௌனத்தின் பின் எழும் இசை

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் மக்களுக்குக் காத்திருத்தல் புதியதொன்றன்று. கப்பல் வருமெனக் காத்திருந்தோர், கடலுக்குச் சென்ற தோணி கரை சேருமெனக் காத்திருந்தோர், பிறநாடு சென்ற மகனின் கடிதத்துக்காகக் காத்திருந்தோர் என அவ்வூரின் ஒவ்வொரு தலைமுறையும் கடலை நோக்கியபடியே வாழ்ந்துள்ளது. 1957இல் பிரித்தானியக் கடற்படை தன் தளத்தைக் கையளித்துவிட்டு நீங்கியது. 1983இன் பின்னர் ஊர்மக்களிற் பலர் நீங்கினர். 2009இல் யுத்தம் முடிவுற்றதன் பின்பு, அவ்வாறு நீங்கியோரிற் சிலர் விடுமுறைக் காலங்களில் வந்துபோகத் தொடங்கினர். தாம் பிறந்த வீட்டின் படலையடியில் வந்து நிற்கும் அவர்களை அயலவர் ஏற இறங்கப் பார்ப்பர். நலம் விசாரித்தல் முடிந்து, வந்தவர் தெருமுனையைக் கடந்ததும், "முந்தின ஆளில்லை" என்றொரு தீர்ப்பு வழங்கப்படும். வந்தவரோ தம் தங்குமிடம் மீண்டதும், "முந்தின ஊரில்லை" என்பார்.

இவ்விரு தீர்ப்புகளும் வெறும் அவதானங்கள் அல்ல. குற்றச்சாட்டின் தொனி அவற்றிலே உண்டு. மாறாதிருக்கும் கடமை ஒன்று மற்றவர்க்கு இருந்தது போலவும், அதனை அவர் மீறிவிட்டது போலவும் இருசாராரும் பேசுகின்றனர். அத்தகைய கடமை உண்டா? உண்டெனின் அது யாருக்கு யார் செலுத்தவேண்டியது? குடும்பங்களுக்குள் எழும்போது இவ்வினா கண்ணீரினாலும் மனத்தாங்கலாலும் மூடுண்டுவிடுவதால், அதனை நின்று ஆராய்தல் அரிதாகின்றது. ஆனால் இதே வினா ஊரறிய, அச்சிலேறி, பல்லாயிரம் பேரால் விவாதிக்கப்படும் களம் ஒன்றுண்டு. பல்லாண்டுகள் கலைந்திருந்த ரொக் இசைக்குழு ஒன்று மீண்டும் கூடிப் புதிய இசைத்தொகுப்பொன்றை வெளியிடும் வேளையே அது. படலையடியில் நிகழ்வது அங்கே மேடையில் நிகழ்கின்றது.

இதற்கு அண்மைய உதாரணம் பாக்கு நீரிணைக்கு அப்பால், பம்பாயிலே கிடைக்கின்றது. 1984ஆம் ஆண்டு அந்நகரில் 'ரொக் மெஷின்' எனும் இசைக்குழு தோன்றியது. அக்காலத்து இந்திய ரொக் குழுக்கள் பெரும்பாலும் மேலைநாட்டார் பாடல்களை மேடையில் அப்படியே வாசித்துக் கைதட்டல் பெற்றுவந்தன. சொந்தப் பாடல்களைக் கொண்டு தொகுப்பு வெளியிடும் துணிவு கொண்ட குழுக்கள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் இதுவும் ஒன்று. 1988இல் 'ரொக் அன் றோல் ரெனகேட்', 1990இல் 'த செக்கண்ட் கமிங்' என இரு தொகுப்புகள் வெளிவந்தன. பிந்தியதன் பெயர் 'இரண்டாம் வருகை' எனப் பொருள்படும். பிரியுமுன்னரே மீள்வருகையை அறிவித்த குழு இதுவாகத்தான் இருத்தல்வேண்டும்! 1993இல் குழுவினர் தம் பெயரை 'இன்டஸ் கிறீட்' என மாற்றிக்கொண்டனர். இயந்திரத்தை விடுத்துச் சிந்துநதியைப் பெயரிலே சூடிய அக்குழு 1995இல் அப்பெயரிலேயே ஒரு தொகுப்பை வெளியிட்டது. 1997இல் கலைந்தது.

கலைந்தமைக்குப் பெரிய நாடகம் எதுவும் காரணமாகக் கூறப்படுவதில்லை. பாடகர் உதய் பெனகலும் கிற்றார்க் கலைஞர் ஜயேஷ் காந்தியும் நியூயோர்க் சென்று வேறொரு குழுவை அமைத்தனர். ஏனையோர் தத்தம் வழி சென்றனர். இந்தியாவிலும் காலம் மாறிற்று. ஒலிநாடாக்கள் மறைந்தன, இறுவட்டுகள் வந்தன, பின் அவையும் மறையத் தொடங்கின. பெனகல் பம்பாய் மீண்டார். 2010இல் இன்டஸ் கிறீட் மீண்டும் கூடியது. 2012இல் எட்டுப் பாடல்களைக் கொண்ட 'இவோல்வ்' எனும் தொகுப்பு வெளிவந்தது. முந்திய தொகுப்புக்கும் இதற்கும் இடையே பதினேழு ஆண்டுகள். பிறந்த குழந்தை பல்கலைக்கழக வாயிலை எட்டிப்பார்க்கப் போதுமான காலம்.

இத்தொகுப்பில் வாசித்தோர் ஐவர். பெனகல், கிற்றார்க் கலைஞர் மகேஷ் தினைகர், விசைப்பலகை வாசித்த சுபின் பலபோரியா ஆகிய மூவரும் பழையவர். பாஸ் கிற்றார் வாசித்த ருஷாத் மிஸ்திரியும் பறைத்தொகுதி வாசித்த ஜெய் ரோ கவியும் புதியவர், வயதிலும் இளையவர். இசையும் மாறியிருந்தது. 1980களின் இறுதியில் இக்குழுவிடம் காணப்பட்ட பளபளப்பும், உரத்துப் பாடி உடனே மனங்கவரும் வேகமும் பின்வாங்கி, நீண்டு செல்வனவும் இருண்டனவுமான பாடல்கள் முன்வந்தன. தொகுப்பின் பெயரே 'பரிணமித்தல்' என்னும் பொருளது. மாறிவிட்டோம் என்பதை அட்டையிலேயே எழுதிக்கொண்டு வந்தனர் எனலாம்.

இக்குழுவின் வரலாறு சிந்தனைக்கு ஒரு விருந்தாகும். 1993இல் ஆட்கள் பெரும்பாலும் அவ்வாறேயிருக்கப் பெயர் மாறியது. 2010இல் பெயர் அவ்வாறேயிருக்க ஆட்கள் மாறினர். முதற்சந்தர்ப்பத்தில் 'இது வேறு குழு' என எவரும் வழக்காடவில்லை. இரண்டாவதிலோ 'இது அதே குழுவா?' எனும் வினா தவிர்க்கவியலாததாகின்றது. பெயரும் ஆளும் சமமான எடையுடையன எனின் இவ்வேறுபாடு தோன்றியிருக்கலாகாது.

மெய்யியலார் இத்தகைய வினாவை நெடுங்காலமாக அறிவர். கிரேக்க நாட்டுத் தீசியஸின் கப்பலைப் புளூட்டாக் குறிப்பிடுகின்றார். உக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக அகற்றிப் புதியன பொருத்திவர, ஈற்றில் பழைய பலகை ஒன்றேனும் எஞ்சாதபோது அது அதே கப்பலா என ஏதென்ஸ் அறிஞர் வாதிட்டனர். ஆங்கில மெய்யியலாளரான ஹொப்ஸ் இதனை மேலும் சிக்கலாக்கினார். அகற்றிய பழம்பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து அதே ஒழுங்கில் இன்னொரு கப்பல் கட்டினால், எது தீசியஸின் கப்பல் என அவர் வினவினார். ரொக் உலகில் இது கற்பனையன்று. 'பிங்க் புளொயிட்' குழுவிலிருந்து விலகிய ரொஜர் வாட்டர்ஸ், ஏனையோர் அப்பெயரைப் பயன்படுத்தலாகாது என 1986இல் வழக்குத் தொடர்ந்தார். மறு ஆண்டு அப்பெயரிலேயே புதிய தொகுப்பு வெளிவந்தது. ஈற்றில் இருதரப்பும் இணக்கத்துக்கு வந்தன. பலகைகள் தாமே நீதிமன்றம் ஏறுமென ஹொப்ஸ் எண்ணியிருக்கமாட்டார்.

பௌத்தர் இதற்கு வேறு விடை கூறினர். பாளி நூலாகிய மிலிந்த பஞ்ஹத்தில் நாகசேனர், சக்கரமும் அச்சும் நுகமும் தனித்தனியே தேர் அல்ல. அவற்றுக்குப் புறம்பாகவும் தேர் என ஒன்றில்லை. அப்பெயர் ஒரு வழக்கே என மிலிந்தனுக்கு உணர்த்துகின்றார். முதற்சாமத்தில் எரிந்த சுடரும் கடைச்சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா வேறா என்ற வினாவும் அந்நூலில் உண்டு. இரவு முழுதும் ஒரே விளக்கைப் பற்றி எரிந்தமையால் அதே சுடருமன்று, வேறு சுடருமன்று என்பது அங்கே காட்டப்படும் நெறி.

இவ்வுதாரணங்கள் நுட்பமானவை, எனினும் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இவை முழுதும் போதா. தீசியஸின் கப்பல் ஒருநாளும் இல்லாமற் போகவில்லை. ஒரு பலகை நீங்கிய இடத்தில் மறுபலகை உடனே வந்தது. நாகசேனரின் விளக்கும் விடியும்வரை அணையவில்லை. கலைந்த இசைக்குழுவோ அணைந்த விளக்காகும். பதின்மூன்று ஆண்டுகள் இருளிற் கிடந்த திரியில் மீண்டும் நெருப்பிட்டால், அச்சுடர் எதனைத் தொடர்ந்து எரிகின்றது? தொடர்ச்சியே ஒருமைக்கு ஆதாரம் எனின், தொடர்ச்சி அறுந்த இடத்தில் ஒருமை எவ்வாறு தப்பிற்று?

இவ்விடைக்காலத்தில் இன்டஸ் கிறீட் எங்கிருந்தது எனத் தேடிப்பார்த்தல் பயன்தரும். பம்பாயில் இல்லை, நியூயோர்க்கிலும் இல்லை. பழைய ஒலிநாடாவைப் பென்சிலால் சுற்றி இறுக்கி மீண்டும் போட்டுக் கேட்டவரிடம் அது இருந்தது. அண்ணன் விட்டுச்சென்ற நாடாவைத் தம்பி எடுத்துக் கேட்டபோது அவனிடத்தும் சென்றது. குழுவினரின் விரல்களிலும் ஒரு பங்கு எஞ்சியிருந்திருக்கும். ஆயினும் விரல்கள் மட்டும் நினைவு வைத்திருந்து, கேட்டவர் யாவரும் மறந்திருப்பின், 2010இல் கூடியவர்கள் ஒரு புதுக்குழுவாகவே கருதப்பட்டிருப்பர். மௌன காலத்தில் இசைக்குழு வாழ்வது கேட்டோரிடத்திலேயாகும். அணைந்த விளக்குக்கும் ஏற்றிய விளக்குக்கும் இடையிலான இருளைத் தாண்டிவருவது பார்த்தவர் கண்ணில் நின்ற ஒளி.

இதனால் கேட்போர்க்கு ஒரு பெருமை கிடைக்கின்றது. அப்பெருமையிலிருந்தே தவறும் பிறக்கின்றது. தமிழ் மரபில் 'அடைக்கலப் பொருள்' எனும் கருத்து உண்டு. பயணம் செல்பவன் தன் பொருளை நம்பிக்கையானவரிடம் ஒப்படைத்துச் செல்கின்றான். காத்தவர் அவன் மீண்டதும் கொடுக்கின்றார். காத்தமைக்காக அவர் நன்றிக்கு உரியவர், பொருளுக்கு உரியவரல்லர். பதினேழு ஆண்டுகள் ஒரு குழுவின் பாடல்களை நெஞ்சிற் காத்த இரசிகர், அக்குழு மீளும்போது 'நான் காத்தது இதுவன்று. நான் காத்ததையே திரும்பப் பாடு' எனக் கட்டளையிடுவாராயின், அடைக்கலம் காத்தவர் உரிமை கொண்டாடத் தொடங்கிவிட்டார் என்றே கொள்ளவேண்டும். அவர் உண்மையில் விரும்புவது குழுவின் மீட்சியையன்று. தம் இருபதாவது வயதின் மீட்சியை. அதனை எந்தக் கிற்றாராலும் கொணர முடியாது. கொணரமுடியாத ஒன்றைக் கொணராமைக்காகப் பிறரைக் குறைகூறுதல் நீதியாகாது.

இவ்வாறு கூறுவதால் கலைஞர்க்குக் கடமையே இல்லை என்பது பெறப்படாது. பௌத்தரின் கணபங்க வாதத்தை எதிர்த்த ஏனைய இந்திய மெய்யியலார் எழுப்பிய தடையொன்று இங்கு பொருந்தும். ஒவ்வொரு கணமும் பொருள் அழிந்து வேறாகின்றது எனின், வினை செய்தவன் ஒருவன், பயன் துய்ப்பவன் வேறொருவன் ஆகிவிடுவானே என அவர்கள் வினவினர். இதனை அன்றாட வழக்கில் வைத்து நோக்கினால், கடன் வாங்கியவன் 'அன்று வாங்கியவன் நானல்லன்' எனக் கூறித் தப்பிவிடலாம். மனிதர் தம்மை ஒரே பெயரால் அழைத்துக்கொள்வதிலே ஒரு வாக்குறுதி அடங்கியுள்ளது. முன்பு செய்ததற்கு இன்றும் பொறுப்புடையேன் என்பதே அவ்வாக்குறுதி. பழம்பெயரை மீண்டும் சூடிக்கொள்ளும் குழு, அப்பெயர் ஈட்டிவைத்த மதிப்பை முதலாகக் கொண்டே சந்தைக்கு வருகின்றது. புதுப்பெயரில் வந்திருந்தால் எட்டுப் பேர் மட்டுமே கேட்டிருக்கக்கூடிய பாடலைப் பல்லாயிரவர் கேட்கின்றனர். எனவே அப்பெயருக்கு ஈடாக ஏதோ ஒன்றை அவர்கள் கொடுத்தாகவேண்டும்.

அஃது யாது என்பதே நுட்பமான இடம். பழைய இசையையே கொடுத்தல் என்பது எளிய விடை. மேலே கண்டவாறு அது தவறான விடை. புதுமை எனவும் கூறலாம். ஆனால் எத்தகைய புதுமைக்கும் பழம்பெயர் தேவையில்லை. பொருந்தும் விடை, இடைவெளியைப் பற்றிய உண்மை. பதினேழு ஆண்டுகள் சென்றன என்பது புதிய இசையிலே கேட்டல்வேண்டும். குரல் தடித்திருந்தால் தடித்த குரலாகவே பாடுதல்; நண்பர் இருவர் இல்லையெனின் அவர்களின் இடத்தில் வந்தோர் தம் கையாலேயே வாசித்தல்; இளமையில் எழுதியதை முதுமையில் எழுதுவதுபோல நடியாதிருத்தல். 'இவோல்வ்' தொகுப்பை விரும்பாதோரும் இவ்வொன்றை மறுக்கவியலாது. அதிலே ஒலிக்கும் நாற்பதைக் கடந்த மனிதர்கள் நாற்பதைக் கடந்தவர்களாகவே ஒலிக்கின்றனர். பணத்துக்காகக் கூடினரா, அன்பினாற் கூடினரா என்னும் ஆராய்ச்சி அவ்வளவு முக்கியமன்று. கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பவரும் கூலி பெறுகின்றார்; அதனால் அவர் வாசிப்பது பொய்யாகிவிடுவதில்லை.

இவ்வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது சுவீடன் நாட்டு 'அபா' குழுவின் மீள்வருகை. அது ரொக் குழுவன்று, பொப் குழு. எனினும் இதற்கிணையான உதாரணம் கிடைத்தல் அரிது. 1981இல் 'த விசிற்றேர்ஸ்' தொகுப்புடன் ஓய்ந்த அந்நால்வர், நாற்பது ஆண்டுகள் கழித்து 2021 நவம்பரில் 'வொயேஜ்' எனும் தொகுப்பை வெளியிட்டனர். பழையவர் நால்வரும் உயிரோடிருந்தனர். அனைவரும் எழுபதைக் கடந்திருந்தனர். பெண்கள் இருவரின் குரல்கள் முன்னையவற்றிலும் தாழ்ந்து ஒலிக்கின்றன. ஒரு பாடலில் மட்டும் 1978இல் பதிவாகிக் கிடந்த பழங்குரல்கள் பயன்பட்டுள்ளன. ஏனையவற்றில் முதுமை மறைக்கப்படவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதம் இலண்டனில் தொடங்கிய அவர்களின் மேடைக்காட்சியோ வேறு கதை. அதற்கெனவே கட்டப்பட்ட அரங்கில் அந்நால்வரும் தோன்றுவதில்லை. 1979இல் அவர்கள் இருந்த தோற்றத்தில், கணினியால் ஆக்கப்பட்ட உருவங்கள் ஆடிப்பாடுகின்றன. பார்த்தோர் மகிழ்ந்தனர், கண்ணீர் விட்டோரும் உளர். அம்மகிழ்ச்சியைப் பழித்தல் நோக்கமன்று. ஆனால் ஒரே மனிதர்கள் ஒரே காலத்தில் இரு வகையாக மீண்டுள்ளனர் என்பது கவனிக்கத்தக்கது. தொகுப்பு, நாற்பது ஆண்டுகள் கழிந்தன என்கின்றது. அரங்கு, கழியவேயில்லை என்கின்றது. முன்னது கேட்போரைத் தம்முடன் சேர்ந்து முதுமையடைந்தவராக மதிக்கின்றது. பின்னது அவரின் ஆசையை அறிந்து அதற்குத் தீனி போடுகின்றது. படலையடியில் நிற்கும் உறவினர், தம் இளமைப் புகைப்படத்தை முகத்தில் ஒட்டிக்கொண்டு வந்ததற்கு ஒப்பானது இது. அயலவர் ஒருகணம் மகிழக்கூடும். அதன்பின் யாரோடு பேசுவது?

இதனினும் கடினமானது 'பீற்றில்ஸ்' குழுவின் விடயம். ஜோன் லெனன் 1970களின் பிற்பகுதியில் தம் இல்லத்திலிருந்து நாடாவிற் பதிந்த முற்றுப்பெறாப் பாடலொன்று, அவர் 1980 டிசம்பரிற் கொல்லப்பட்டு ஏறத்தாழ நாற்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்தபின், 2023 நவம்பரில் 'நவ் அன் தென்' எனும் பெயரில் வெளிவந்தது. மற்றைய மூவரும் 1995இல் முயன்று, குரலைப் பியானோ ஒலியிலிருந்து பிரிக்க இயலாது கைவிட்ட அப்பாடலை, இயந்திரக் கற்றல் எனும் புதிய கணினி நுட்பம் மீட்டுத்தந்தது. 2001இல் மறைந்த ஜோர்ஜ் ஹரிசன் அன்று வாசித்த கிற்றாரும் அதிலுண்டு. ஆக, இருவர் உயிருடன், இருவர் இறந்த நிலையில் ஒரு குழு மீண்டது. லெனனின் மனைவியே அந்நாடாவைக் கொடுத்தார். நண்பர்கள் அன்போடு பணி செய்தனர். ஆயினும் மௌனம் கலைக்கப்பட்டவரிடம் சம்மதம் கேட்க வழியில்லை. உயிரோடிருப்பவர் திரும்பி வருகின்றார். இறந்தவர் திருப்பிக் கொண்டுவரப்படுகின்றார். தமிழ் இலக்கணத்தில் இது தன்வினைக்கும் பிறவினைக்குமுள்ள வேறுபாடு. அன்பு எவ்வளவு பெரிதாயினும் இவ்வேறுபாட்டை அழிக்க அதனால் இயலாது.

இதுவரை கூறியவை யாவும் விரும்பி ஓய்ந்தோரைப் பற்றியன. இன்டஸ் கிறீட் தானே கலைந்தது. அபா தானே ஓய்ந்தது. லெனனின் முடிவு மட்டும் வேறு. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இசையின் மௌனம் பெரும்பாலும் விரும்பியதன்று. 1970களில் இலங்கை வானொலியின் தமிழ்ச்சேவை வழியே தமிழ்ப் பொப்பிசை வீடுதோறும் சென்றது. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்தும் பரவியது. நித்தி கனகரத்தினத்தின் பாடல்கள் திருமண வீடுகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் ஒலித்தன. திருகோணமலையிலிருந்து பரமேஷ், கோணேஷ் எனும் சகோதரர் எழுந்தனர். பரமேஷின் 'உனக்குத் தெரியுமா' எனும் பாடல் அக்காலத்தவர் பலருக்கு இன்றும் மனப்பாடம். கிற்றாரும் பொங்கோவும் ஏந்திய இளைஞர் குழுக்கள் கோயில் திருவிழா மேடைகளிலும் ஏறிய காலம் அது. பின்னர் யுத்தம் வந்தது. மனோகரன் தமிழ்நாட்டில் வாழ்ந்து 2018இல் சென்னையிற் காலமானார். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். பெயரறியா மேடைக் குழுக்களின் கதி இன்னும் எளியது. ஒருவர் கனடாவில், ஒருவர் ஜேர்மனியில், ஒருவர் இல்லை.

விரும்பாது மௌனமானோர்க்கும் 'இடைவெளியைப் பற்றிய உண்மை' எனும் அதே அளவுகோலைப் பிடித்தல் தகுமா என ஒருவர் வினவலாம். வினா நேரியதே. தானே கதவைச் சாத்தியவன் மீளும்போது 'ஏன் சாத்தினாய்?' எனக் கேட்கலாம். கதவு உடைக்கப்பட்டவனிடம் அவ்வாறு கேட்டல் கொடுமை. இத்தகையோர் வெளிநாட்டு மண்டபமொன்றில் ஐம்பது ஆண்டுப் பழமையான பாடலை அன்று பாடியவாறே பாடும்போது, அதனை ஏக்க வணிகம் என எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அன்று இடைநடுவில் அறுந்த பாட்டை முடித்துவைக்கும் உரிமை அவர்க்குண்டு. இங்கே கேட்போரின் கடமையும் கனக்கின்றது. விரும்பி ஓய்ந்தோரிடம் புதியதை எதிர்பார்க்கலாம். ஓயச் செய்யப்பட்டோர் பழையதைப் பாடினும் அதனுள் ஒலிக்கும் இடைவெளியைக் கேட்பவரே கண்டறிதல் வேண்டும். ஆனால் இவ்விரக்கத்துக்கும் ஓர் எல்லையுண்டு. அத்தகையோரிடம் பழையதை மட்டுமே கேட்டுக்கொண்டிருத்தல், அவர்களை 1983க்கு முந்திய ஒரு மாலைப்பொழுதிலே சிறைவைப்பதற்கு ஒப்பாகும். புதியதொன்று அவர் வாயிலிருந்து வரும்போது, முதலில் செவி கொடுப்பவர் ஊராராகவே இருத்தல் நன்று.

மௌனத்தின் பின் மீளுதல் என்பதற்குத் திருகோணமலையிலேயே ஒரு பேருதாரணம் நிற்கின்றது. இசைக்குழுவிலிருந்து கோயிலுக்குத் தாவுதல் சிலர்க்கு மரபுமீறலாகத் தோன்றலாம். வினா ஒன்றேயாதலின் பொறுத்தருள்க. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலை 1620களிற் போர்த்துக்கேயர் இடித்தனர். கோயிற் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. கற்கள் பல கடலுக்குள் வீழ்ந்தன. அதன்பின் ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் அம்மலையிற் கோயில் இல்லை. எனினும் கோணேசர் இல்லாமற் போகவில்லை. தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகருக்குக் கோயில் எழுந்தது. ஆங்கிலேயர் காலத்திலும் மக்கள் கோட்டைக்குள் சென்று, கட்டடம் ஏதுமற்ற பாறை விளிம்பில் நின்று, கீழே குமுறும் கடலை நோக்கி மலரும் தேங்காயும் இட்டு வழிபட்டனர். இல்லாத கோயிலுக்குச் சென்றவர்கள் அவர்கள். அடைக்கலப் பொருளைக் காத்தல் என்பதற்கு இதனிலும் தெளிவான வடிவம் கிடைப்பது அரிது.

1950இல் நகரசபையினர் கிணறு தோண்டும்போது, மண்ணுட் புதைந்திருந்த பழைய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலுள் மூழ்கித் தூண்களையும் கற்களையும் கண்டனர். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. புதிய கோயில் பழையதன் பருமனையோ கோபுரப் பெருமையையோ கொண்டதன்று. கடலிற் கிடந்த தூண்களைப் போலவே தூண்கள் செய்து, முந்நூற்றைம்பது ஆண்டுகள் நடக்கவேயில்லை என்று காட்ட அது முனையவில்லை. சிமெந்தும் வண்ணப்பூச்சும் கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி மக்கள் தம் கைக்கு எட்டிய பொருளால் எழுப்பிய கோயிலாகவே அது நிற்கின்றது. கட்டடக்கலை அறிந்தோர் சிலர்க்கு இது குறையாகப் படலாம். ஆயினும் புதியதும் சிறியதுமான அவ்விடத்தில் வந்து வணங்கும் கிழவியிடம் 'இது அதே கோயிலா?' எனக் கேட்டால், வினாவே அவருக்கு விளங்காது.

அக்கோயிலுக்குச் செல்பவர் பிரெடெரிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே செல்லவேண்டும். அவ்வாயிற் கல்லில் இரட்டை மீன் பொறித்திருக்கின்றது. அருகிலே தேய்ந்த தமிழ் எழுத்துகள் உள. இடிக்கப்பட்ட கோயிலின் கல் எனக் கொள்ளப்படும் அது, இன்று கோட்டையின் சுவரைத் தாங்கிநிற்கின்றது. அதனைப் பெயர்த்தெடுத்து மீண்டும் கோயிலிற் பதிக்க எவரும் முயலவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பூத்தட்டோடு வருவோர் அதனருகே சிறிது நின்று, பிள்ளைகளுக்கு மீனைச் சுட்டிக்காட்டிவிட்டு, மான்கள் மேயும் வழியால் மேலேறிச் செல்கின்றனர்.